பாதி மட்கார்டு போதும்: பழைய படத்தில் இருக்கும் காரைக் கண்டுபிடிக்கும் முழு வழி

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பியிருந்தார். அவருடைய அம்மம்மாவும் அம்மப்பாவும் ஒரு காரில் சாய்ந்து நிற்கிறார்கள். காரில் நமக்குத் தெரிவது ஒரு பக்க முன் மட்கார்டு, அதில் ஒரு ஹெட்லைட், பானெட்டில் முக்கால்வாசி, முன் கண்ணாடியில் ஒரு துண்டு. கிரில், நம்பர் பிளேட், பெயர்ச் சின்னம் எல்லாம் அம்மம்மாவின் பட்டுச் சேலைக்குப் பின்னால் போய்விட்டன. "கலியாணத்தண்டு எடுத்த படம், 1952, ஆனா என்ன கார் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல" என்று எழுதியிருந்தார். காரின் பெயரைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்த 1952 சரியாக இருக்க முடியாது என்று சொல்லத்தான் ஒரு வாரம் தயங்கினேன்.

எப்படிச் சொன்னேன் என்பதை அந்தப் படத்தை வைத்தே விளக்குகிறேன். இந்தப் பொழுதுபோக்குக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆயிரம் கார்களின் பெயர் மனப்பாடமாக இருக்க வேண்டியதும் இல்லை. பெயரை யோசித்துக்கொண்டே படத்தைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். இது எதுவாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், மிஞ்சுகிற ஒன்றோ இரண்டோதான் உங்கள் கார்.

முதலில், படத்தை முழுதாகக் கையில் வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. அது சுருங்கி வருவதால் நமக்கு வேண்டிய சின்னச் சின்னக் கோடுகள்தான் முதலில் அழிகின்றன. மூலப் படத்தை 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்து, ஓரத்தை வெட்டாமல், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் கேளுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, பென்சிலில் கிறுக்கிய பெயர் ஏதாவது ஒன்று பல படங்களில் இருக்கும்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறையவே உண்டு, இதில் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் தெரிந்தால் உடனே "அமெரிக்க இறக்குமதி" என்று முடிவு கட்ட வேண்டாம். பெண்களின் முந்தானை எந்தத் தோளில் விழுகிறது, ஆண்களின் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். முந்தானை வலத் தோளில், பையும் வலப்பக்கத்தில் என்றால் படம் திரும்பியிருக்கிறது.

இன்னொன்று, பழைய ஸ்டுடியோக்களில் கார் வரைந்த திரையும் பலகையில் வெட்டிய காரும் இருந்தன. சக்கரத்துக்கு அடியில் நிழல் விழாமல், கண்ணாடியில் எந்தப் பிரதிபலிப்பும் இல்லாமல் இருந்தால் அது ஓவியர் மனத்திலிருந்து வரைந்த கார். அதற்குப் பெயர் தேடிப் பயனில்லை.

பெயர் சொல்லாமல் எழுதுங்கள்

ஒரு தாளில், தெரிவதை மட்டும் எழுதுங்கள். நண்பரின் படத்துக்கு நான் எழுதியது இது: முன் கண்ணாடி நடுவில் ஒரு கம்பி, அதாவது இரண்டு தட்டையான கண்ணாடிகள். ஹெட்லைட் தனியாக நிற்காமல் மட்கார்டுக்குள் புதைந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே, மட்கார்டிலேயே, ஒரு சின்ன விளக்கு. பானெட்டின் நடுவில் நெடுக ஒரு தட்டையான பட்டை, உள்ளங்கை அகலம் இருக்கும். உருவம் சின்னது, பானெட் அம்மப்பாவின் இடுப்பைத்தான் தொடுகிறது.

இப்படி எழுதுவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. "அம்பாசிடர்தானே" என்று ஒரு தடவை மனம் சொல்லிவிட்டால், அப்புறம் கண்ணுக்கு அம்பாசிடருக்குப் பொருந்துவது மட்டுமே தெரியும். பொருந்தாத இரண்டு விஷயங்கள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும், நாம் பார்க்க மாட்டோம்.

எந்த ஊர், எந்தக் காலம்

படம் எங்கே எடுத்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1930கள், 40களில் இந்தியச் சாலைகளில் அமெரிக்க கார்கள் ஏராளம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாய் சிவ்ரியில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்யத் தொடங்கிவிட்டது, ஃபோர்டும் இங்கே பூட்டி விற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு, வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டினால் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு கேட்டதும், 1950களின் முதல் பாதியில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு புதிதாக விற்ற கார்கள் என்றால் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்துதான் வந்தன: வங்காளத்து உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட். ஆகவே 1968-ல் திருச்சியில் எடுத்த படத்தில் ஒரு புதுக் கார் நிற்கிறது என்றால் கழிக்க வேண்டியது அதிகம் இல்லை. அதே திருச்சியில் 1948 என்றால் வேலை பெரிது, அப்போது ஊரில் 'பிளஷர்' என்று எல்லோரும் சொன்ன அந்த வண்டி செவர்லேயாகவும் இருக்கலாம், வாக்ஸாலாகவும் இருக்கலாம், ஆஸ்டினாகவும் இருக்கலாம். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949 வாக்கில் ஆஸ்டின் ஏ40 பூட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம்தான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

இலங்கைக்கு இந்தச் சட்டதிட்டங்கள் கிடையாது. அங்கே அன்று பிரிட்டிஷ் கார்கள் நேராகக் கப்பலில் வந்து இறங்கின, மோரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40-யும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் ஓடுவதைப் பார்க்கலாம்.

காலத்தைச் சில உறுப்புகள் தோராயமாகச் சொல்லிவிடும். ஹெட்லைட் தனிக் கிண்ணமாகக் கம்பியில் நின்று, கதவுக்குக் கீழே ஏறி மிதிக்க நீளமான ஃபுட்போர்டும் இருந்தால் 1930களை நினையுங்கள். விளக்கு மட்கார்டுக்குள் போய், முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 40கள், 50களின் முற்பகுதி. வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டால் பெரும்பாலும் அதற்குப் பின். 50களின் அமெரிக்க காரில் பக்கத்துக்கு ஒரே ஒரு வட்ட ஹெட்லைட் என்றால் அது அநேகமாக 1957 அல்லது அதற்கு முந்தியது, 1958 மாடல்களில் பக்கத்துக்கு இரண்டு என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிட்டது. டிக்கிப் பக்கம் மீன் துடுப்பு போல எழும்பிய வால்கள் 50களின் பிற்பகுதியில் உச்சத்துக்குப் போயின, 1959 காடிலாக்கின் வாலும் அதில் தோட்டா போல இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும் சிவப்பு விளக்கும் ஒரு விரற்கடை அளவு தெரிந்தாலே போதும். அமெரிக்கக் காரில் சதுர ஹெட்லைட் என்றால் 1975 அல்லது அதற்கு அப்புறம்.

நம்பர் பிளேட் தெரிந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் அது பதிவு செய்த காலத்தைத்தான் சொல்லும், செய்த காலத்தைச் சொல்லாது. மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் என்பது பழைய முறை. மெட்ராஸ் மாநிலத்தில் 'எம்' முதலெழுத்து, 1969-ல் பெயர் தமிழ்நாடு என்று மாறிய பிறகு வந்த வரிசைகளில் 'டி'. இன்றைய 'டிஎன் 01' போன்ற முறை 1989-ல் வந்தது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' நுழைந்தது, அதை எதிர்த்துத் தமிழர்கள் நடத்திய போராட்டம் வரலாற்றில் இருக்கிறது. பழைய படத்தில் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் பதிவு அதற்கு முந்தியது.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கிரில்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கிரில், பம்பர், வீல் கப், பெயர்ச் சின்னம், வால் விளக்கு எல்லாம் நாலு ஸ்குரூ, ஆறு போல்ட்டில் நிற்பவை. நம் ஊரில் எதையும் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை, இடித்து நசுங்கிய முகத்துக்கு எந்த மாடலின் கிரில் கிடைத்ததோ அதை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் அரை நாள் சுற்றினால் ஒரு காரின் முகம் எவ்வளவு சுலபமாக இன்னொன்றுக்குப் போகும் என்று புரியும். மார்க் 3 கிரில் மாட்டிய மார்க் 2 அம்பாசிடர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நம்ப வேண்டியது இரும்பை வெட்டாமல் மாற்ற முடியாதவற்றை. கூரை எப்படி இறங்குகிறது, பின் கண்ணாடிக்கும் கடைசிக் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண் எவ்வளவு தடிமன், கதவுக் கண்ணாடியின் மேல் மூலை வளைவா கூரா, முன் கதவில் முக்கோணக் கண்ணாடி உண்டா, மழைநீர் வடியும் விளிம்பு எங்கே முடிகிறது. கதவின் கீல் எந்தப் பக்கம் என்பது இவை எல்லாவற்றையும் விட மேல்.

ஒரு உதாரணம். பம்பாயில் பிரீமியர் பூட்டிய முதல் ஃபியட் 1100 கார்களில் முன் கதவின் கீல் பின்பக்கத்தில் இருந்தது, கைப்பிடி முன்னால், அதாவது கதவு முன்பக்கம் வாய் திறக்கும். மராத்திக்காரர்கள் 'டுக்கர் ஃபியட்', பன்றி ஃபியட் என்று கூப்பிட்டது இந்த உருண்டை உடம்பு வண்டியைத்தான். 1960களின் நடுவில் வந்த ஃபியட் டிலைட் மாடலில் கீல் முன்னால் போய்விட்டது. அதே உடம்புதான் 1970களில் பத்மினி ஆனது. படத்தில் ஒரு கைப்பிடியும் அரைக் கதவும் தெரிந்தால் போதும், ஃபியட்டின் இரண்டு காலத்தையும் பிரித்துவிடலாம்.

மூடி சேரும் கோடுகளும் இப்படித்தான். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு, முன்பக்கம் கீல் போட்டு மொத்தமாகக் கவிழும். அதனால் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மற்ற கார்களில் ஓடும் கோடு இதில் இருக்காது, கதவுக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இறங்கும். அந்த ஒரு கோட்டை வைத்து நான் ஹெரால்டைச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு சந்தோஷமான விஷயம், இங்கிலாந்தில் இதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு தெரிந்தால் அது நம் மெட்ராஸில் பிறந்தது, வேறு எங்கும் தேட வேண்டாம்.

இரட்டைப் பிள்ளைகள்

கழித்துக் கழித்து வந்து இரண்டில் நின்றுவிடும். அப்போது அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் தேடுங்கள்.

லேண்ட்மாஸ்டரும் அம்பாசிடரும் நன்றாகக் குழப்பும். லேண்ட்மாஸ்டர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை, 1957-ல் வந்த அம்பாசிடர் மூன்றாம் வரிசை. நடு உடம்பு ஒன்றுதான், பின் மட்கார்டைப் பாருங்கள்: அம்பாசிடருக்குச் சின்னதாக ஒரு வால் எழும்பியிருக்கும், லேண்ட்மாஸ்டருக்கு உருண்டு இறங்கிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குப் பின் கண்ணாடி. நடுவில் பிளந்திருந்தால் 1953-ன் தொடக்கத்துக்கு முன், முட்டை வடிவம் என்றால் அதிலிருந்து 1957 வரை, அகலமான செவ்வகம் என்றால் 1958 மாடலிலிருந்து. இவ்வளவு தெளிவாக வயது சொல்லும் கார் வேறு கிடையாது, பழக ஆரம்பிப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஜீப்பை எண்ணித்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் தகர முகத்தில் ஒன்பது திறப்பு, போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்றதில் ஏழு. பானெட் உயரமாகி, ஹெட்லைட்டுக்கு மேலேயும் தகரம் நிறைய இருந்தால் சிஜே-3பி வகை. மஹிந்திரா அந்த உருவத்தைத்தான் பல வருடங்கள் செய்தது.

உள்ளே எடுத்த படம், சக்கரம் மட்டும் தெரியும் படம்

ஸ்டியரிங்குக்கு ஒரே ஒரு கை இருந்தால் சித்ரோயன், பெரும்பாலும் அதன் டிஎஸ் மாடல். ஸ்பீடோமீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருந்தால் மினியோ பிற்கால மோரிஸ் மைனரோ என்று தொடங்குங்கள். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே என்றால் பத்மினி, பழைய அம்பாசிடர், அக்கால அமெரிக்க கார்கள் எல்லாம் உள்ளே வரும், அதனால் இது தனியாக எதையும் முடிவு செய்யாது.

சக்கரத்தில் நட்டுகளை எண்ணுங்கள். மூன்றே மூன்று என்றால் பிரெஞ்சு கார் பக்கம் போங்கள், சித்ரோயன் 2சிவி, ரெனோ 4 இரண்டுக்கும் மூன்றுதான். மோரிஸ் மைனருக்கு நான்கு. பக்கவாட்டில் எடுத்த படமாக இருந்தால் முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அளந்து, சக்கரத்தின் இரும்பு வட்டத்தால் வகுத்துப் பாருங்கள். மினிக்கு 80 அங்குலம், சக்கரம் 10, எட்டு மடங்கு வரும். அம்பாசிடருக்கு 97-ஐ 15-ஆல் வகுத்தால் ஆறரை. பத்மினியும் அதே ஆறரைக்குப் பக்கத்தில்தான் வருகிறது, ஆகவே இந்தக் கணக்கு மினியைக் கண்டுபிடிக்க உதவும், மற்றவற்றில் ஓரளவுக்குத்தான். படம் சாய்வாக எடுத்ததாக இருந்தால் அளக்கவே வேண்டாம்.

சரிபார்ப்பது

இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடும் வசதியை நான் கடைசியில்தான் தொடுவேன். முழுப் படத்தைப் போட்டால் மனிதர்களையும் சேலையையும் தேடித் தரும், அதனால் ஹெட்லைட் பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்கள். அது காட்டும் பெயரை விடையாக எடுக்காமல், அந்தப் பெயரில் நிறுவனமே அச்சிட்ட பழைய விற்பனைத் துண்டுப் பிரசுரங்களைத் தேடி, அதே கோணத்தில் ஒரு படம் கிடைக்கும் வரை பாருங்கள். புதுப்பித்த கார்களின் இன்றைய படங்களோடு ஒப்பிடாதீர்கள், அவற்றில் பாதிக்கு மேல் பாகம் மாறியிருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடம் பொருந்தினால்தான் நான் வாய் திறப்பேன். ஒரே ஒரு இடம் பொருந்தவில்லை என்றாலும் முதல் தாளுக்குத் திரும்புவேன்.

வயதான டிங்கரிங் மேஸ்திரிகளிடம் போங்கள். தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவர்களுக்கு வளைவு கையில் இருக்கிறது. எங்கள் தெரு முனையில் இருந்த ஒரு பெரியவரிடம் மட்கார்டு மட்டும் தெரிந்த ஒரு படத்தைக் காட்டினேன், "இதைத் தட்டினால் இந்த இடத்தில் மடங்கும் தம்பி, ஹில்மன்" என்றார். ஒரு மாதம் தேடிய பிறகு அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. கோயம்புத்தூர் போனால் அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தை விடாதீர்கள். அங்கே முழுக் காரைப் படம் எடுப்பதை விட்டுவிட்டு கைப்பிடி, தூண், விளக்கு, மட்கார்டு சேரும் இடம் என்று துண்டு துண்டாக எடுத்து வாருங்கள். ஒரு மாதம் கழித்து அவற்றைக் கலைத்துப் போட்டு நீங்களே சொல்லிப் பாருங்கள், இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அந்த 1952

சரி, நண்பரின் படத்துக்கு வருவோம். பானெட் நடுவில் இருந்த தட்டையான பட்டைதான் முதலில் பேசியது. மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று அதை நெடுக இரண்டாக வெட்டச் சொல்லி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்தார். அந்த நான்கு அங்குலம்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. பெயர் முடிந்தது.

இனி வருடம். 1948-ல் வந்த முதல் மைனர்களுக்கு ஹெட்லைட் கீழே கிரில் பக்கத்தில் இருந்தது, இதில் மட்கார்டில் இருக்கிறது, ஆகவே முதல் சில வருடங்கள் கழிந்தன. முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, 1956 இறுதியில் மைனர் 1000 வந்தபோது அது ஒற்றைக் கண்ணாடி ஆகிவிட்டது, ஆகவே அதற்கு முந்தியது. மிச்சம் அந்தச் சின்ன விளக்கு. அது முதலில் கிரில் பலகையில் இருந்தது, 1954 அக்டோபரில் கிரில்லை மாற்றியபோதுதான் மட்கார்டுக்கு, ஹெட்லைட்டுக்குக் கீழே வந்தது. ஆகவே கார் 1954 இறுதிக்கும் 1956-க்கும் நடுவில் செய்தது. இதே கார் இந்தியாவில் எடுத்த படத்தில் இருந்தால் இவ்வளவு நெருக்கிச் சொல்லியிருக்க மாட்டேன். உத்தரப்பாராவில் இதையே பேபி ஹிந்துஸ்தான் என்று செய்தார்கள், இங்கிலாந்தில் ஒரு விளக்கு இடம் மாறிய அன்றே இங்கேயும் மாறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காரை வைத்துப் படத்துக்கு ஒரு பக்க எல்லைதான் போட முடியும். 1954-ல் செய்த காரை 1970-லும் படம் எடுக்கலாம், 1952-ல் எடுக்க முடியாது.

தயங்கித் தயங்கித்தான் நண்பருக்கு இதை எழுதினேன். ஒரு வீட்டார் எழுபது வருடமாகக் கலியாணப் படம் என்று வைத்திருப்பதை, வெளியாள் ஒருவன் ஒரு சின்ன விளக்கைக் காட்டி இல்லை என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் கனடாவில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். பெரியம்மா படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம், அது கலியாணத்தன்று எடுத்தது இல்லை, தன்னுடைய தம்பிக்கு நல்லூரில் சோறு தீத்திவிட்டு, அதாவது முதல் சோறு ஊட்டிவிட்டு வந்த அன்று எடுத்தது, குழந்தை பின் சீட்டில் நித்திரை, கார் பக்கத்து வீட்டு டொக்டருடையது என்று.

கடைசிப் படி ஒன்று இருக்கிறது, பலரும் அதைச் செய்வதில்லை. கண்டுபிடித்ததைப் படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். காரின் பெயரோடு காரணத்தையும் எழுத வேண்டும், நாளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்தால் எங்கே தவறினோம் என்று அவர் பார்க்க முடியும். நண்பரின் படத்துக்குப் பின்னால் இப்போது இருப்பது: "மோரிஸ் மைனர், 1954 இறுதி முதல் 1956. பானெட் பட்டை, பிரிந்த கண்ணாடி, மட்கார்டில் சின்ன விளக்கு. சோறு தீத்தின நாள். பெரியம்மா சொன்னது."